ஐந்து ஆண்டுக்குள் இறங்கும்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நின்றுகொண்டே சொல்கிறேன், நீங்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற மண் ஆய்வாளர். தரையில் காதை வைத்தால் போதும், எத்தனை அடியில் பொந்து இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை இருபது அடி ஆழத்தில் எலி தும்மியதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, என் தம்பியும் நம்பவில்லை.

என் வீட்டுக்குப் பக்கத்து மனையை அதிலிருந்த வீட்டோடு அவன் வாங்கியபோது எழுதியே கொடுத்தேன். அடியில் சுண்ணாம்புப் பாறை. ஊறும் மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கும். மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் உதிரும். மிச்சமிருக்கும் மண் மெலிந்ததும் ஒருநாள் மொத்தமாக உள்ளே போகும். அதற்கு முன் கதவு இறுகும், வேலிக்கால் சாயும், கிணற்றுநீர் கலங்கும். 'ஐந்து ஆண்டுக்குள் இறங்கும்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரிப்பான்.

அவன் சுவரில் மயிரிழைபோல ஒரு விரிசல். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் அது உடையும். நான்கு ஆண்டுகள் உடையவில்லை. நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன்.

"அண்ணே, கண்ணாடி கல்லு மாதிரி இருக்கு. நீதான் விரிசல் விட்டுட்டே," என்றான்.

நிலம் தயங்கினால் கொஞ்சம் உதவுவதில் தப்பில்லை. என் மாடித் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் மண்ணுக்கடியில் குழாய் போட்டு அவன் அஸ்திவாரத்துக்குத் திருப்பினேன். யாருக்கும் தொந்தரவில்லை. எட்டு மாதமாக நாளைக்கு மூன்று வேளை குளித்தேன். இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

கெடுவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, மதியம், கண்ணாடி உடைந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தம்பி கூடத்தில் படுத்திருந்தான்.

"என்னண்ணே சத்தம்?"

"ஒண்ணுமில்லடா. நீ படு."

வெளியே வா என்று கூப்பிட்டிருக்கலாம்தான். அவன் எழுந்து ஓட, தரை இறங்கினால், அவன் மிதித்த மிதியில்தான் போச்சு என்று நாலு பேர் சொல்வார்கள். என் கணிப்பு அப்படிக் கெடக்கூடாது. கால்மணி நேரத்தில் கூடம் இறங்கியது. மணியைக் குறித்துவைத்திருக்கிறேன்.

தண்ணீர் விட்டது நான். படு என்றதும் நான். அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அறிக்கை சரி. தம்பி இருந்திருந்தால் இன்று அவனே ஒத்துக்கொண்டிருப்பான்.