அந்தக் கோடியில கேக்குதா?

—அந்தப் பெட்டிய மட்டும் தொடாத, அம்மாடி. சொல்லிட்டேன்.

—தொடாம எப்படி, சாவியக்கா, சத்தத்த மாத்தறது? வாயால ஊதியா? கொஞ்சம் நகருங்க.

—ஜனங்க உள்ள இருக்காங்க. பாதியில நிறுத்தினா மூஞ்சியச் சுளிப்பாங்க.

—எந்த ஜனம்? ஒரே ஒருத்தர் நிக்கறாரு. அவரும் வெயிலுக்கு ஒதுங்கினவர் மாதிரிதான் இருக்காரு. அக்கா, சாயங்காலம் அந்தக் கலைஞர் அம்மா வந்து எறங்கறாங்க. அதுக்குள்ள அவங்க சத்தம் இந்த ஹால்ல ஓடணும். இல்லன்னா டைரக்டர் என் தோலை உரிச்சு, அடுத்த பினாலே கண்காட்சிக்கு அதையே காட்சிக்கு வச்சுடுவாரு.

—இப்ப ஓடறதுக்கு என்ன குறைச்சல்?

—என்ன குறைச்சலா? ஐயோ கடவுளே! அந்தம்மா கடலுக்கு அடியில மைக்க எறக்கி, வருஷம் பூரா சேத்து வச்ச சத்தத்த அனுப்பியிருக்காங்க. ‘ம்ம்ம்’னு மட்டும்தான் இருக்கும், ஆனா அதுதான் அவங்க படைப்பு. இங்க என்ன ஓடுது? ஒலி போடற நம்ம மைக் அண்ணன் ஸ்பீக்கர் சோதிக்கறப்ப பேசினது ஓடுது. ‘கேக்குதா? அந்தக் கோடியில கேக்குதா? கேக்குதுன்னா கையத் தூக்கு.’ திறப்பு விழாவுலேர்ந்து இதையே ஓட்டிட்டு இருக்கோம்!

—நல்லாத்தானே இருக்கு.

—பேப்பர்காரனும் அப்படித்தான் எழுதியிருக்கான். ‘பழமையான இந்த நகரம் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி’யாம். அதப் படிச்சுட்டுத்தான் அந்தம்மா டைரக்டருக்குப் போன் போட்டு, என் கடலுக்குள்ள ஒரு ஆம்பளை எப்படி வந்தான்னு கத்தி, அந்தச் சத்தத்த மறுபடி அனுப்பியிருக்காங்க. என்னக்கா, சிரிக்கறீங்க?

—அவர் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. உனக்குத் தெரியாது, அம்மாடி. ஒரு பஸ் நிறைய ஸ்கூல் பிள்ளைங்க வந்துச்சு. கையத் தூக்குன்னாரு, அத்தனையும் தூக்கிச்சு. ஒரு பெரியவர் கைத்தடியத் தூக்கினாரு. ஒரு பொம்பளை இடுப்புல இருந்த குழந்தையத் தூக்கினா.

—நீங்க?

—நான் என்ன?

—நீங்க தூக்குவீங்களான்னு கேட்டேன்.

—வேலையப் பாரு.

—அக்கா, சத்தியமா கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவர் சோதிச்சப்ப அந்தக் கோடியில நின்னதே நீங்கதானே? இது தப்பான சத்தம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே.

—தெரியும்.

—முதல் நாளேவா?

—முதல் நிமிஷமே.

—அப்புறம் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?

—சொன்னா மாத்தியிருப்பீங்களே.

—ஓ... அப்படியா சேதி.

—எப்படியும் இல்ல. நீயா ஒண்ணும் கட்டாத.

—நான் எங்க கட்டறேன்? நீங்கதான் கட்டின கோட்டைக்கு காவல் நிக்கறீங்க. சரி, அந்தச் சின்ன திருப்புளியக் கொஞ்சம் எடுங்க... எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு மெமரி கார்டும் நகம் அளவுதான், ஒத்துக்கறேன். சோதனை கார்டை மாட்டிட்டு, கடல் கார்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. வேற யாராவது செஞ்சா சரி. மைக் அண்ணனா? அவர்கிட்டதான் நான் வேலை கத்துக்கிட்டேன். ஒயரத் தப்பா சுத்தினாலே முறைப்பாரு. அன்னிக்கு அவர் நெனப்பு எங்க போச்சு?

—கிளம்பற அவசரம்.

—ஊர் ஊரா கண்காட்சிக்குப் போறவருக்குக் கிளம்பறது புதுசா?

—இந்தத் தடவை வேற மாதிரி இல்ல? எப்பவும் இங்க முடிச்சா அடுத்த ஊரு, அதுக்கப்புறம் இன்னொரு ஊரு, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி அந்த வாசல்ல வந்து நிப்பாரு. ‘சாவி, கதவத் தொறக்கலாமா?’ன்னு. இந்தத் தடவை அப்படி இல்ல. அவங்க அண்ணன் கடல் தாண்டி கூப்பிட்டுட்டாரு. கடை வச்சிருக்காராம், கல்லாவுல உக்காரச் சொல்றாராம்.

—தெரியும். ஒரு நாடக விழாவுக்கு ஒலி போட்டுட்டு இருக்காரு. அதுதான் கடைசி வேலை. நாளைக்கு பிளேன் ஏறறாரு.

—நாளைக்கா?

—உங்களுக்குத் தெரியாதா?

—இந்த மாசம்னு சொன்னாரு. நாளைக்குன்னு தெரியாது.

—உங்ககிட்ட எப்ப சொன்னாரு?

—இங்கதான். சோதனைக்கு முன்னாடி, டீ குடிக்கறப்ப. ‘இதுதான் கடைசி, இனிமே வரமாட்டேன்’னாரு. நான் ‘நல்லபடியா போயிட்டு வாங்க’ன்னேன். ‘வரமாட்டேன்னுதானே சொல்றேன், வாங்கன்னு சொன்னா என்ன அர்த்தம்’னாரு. நான் சாவியத் தேடற மாதிரி குனிஞ்சுட்டேன்.

—தேடினீங்களா?

—கையிலதான் இருந்துச்சு.

—அக்கா!

—என்ன அக்கா? வேற என்ன சொல்லணும்? அவரு ஊரெல்லாம் பாத்த மனுஷன். நான் தம்பி வீட்டு மாடி ரூம்ல இருக்கறவ. புருஷன் போய்ச் சேந்தப்பவே எல்லாம் முடிஞ்சுதுன்னு இந்தச் சாவிக்கொத்த இடுப்புல சொருகினேன். பழைய கட்டடம், பழைய கதவு, நானும் அதுல ஒண்ணு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு குரல் வந்து கேக்குதான்னு கேக்கும். அது போதும்னு இருந்தேன். போதலைன்னு இப்பதான் தெரியுது.

—அவர் கேக்கறப்ப வாயத் தொறந்து ஏதாவது சொல்லியிருக்கலாமில்ல, ஒரு தடவையாவது?

—வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னதே அவர்தான்! முதல் தடவை வந்தப்ப, நான் அந்தக் கோடியிலேர்ந்து ‘கேக்குது, கேக்குது’ன்னு கத்தினேன். இந்தக் கூரையில எதைக் கத்தினாலும் ரெண்டு தடவை திரும்பி வருமே, எல்லாம் குழம்பிப் போச்சு. அவரு ஓடி வந்து, ‘சாவி, நீ பேசினா என் காது கெட்டுடுது. கைய மட்டும் தூக்கு, போதும்’னாரு. அன்னிலேர்ந்து கைய மட்டும்தான் தூக்கறேன்.

—அது ஸ்பீக்கருக்குச் சொன்ன விதி, அக்கா. வாழ்க்கைக்கா சொன்னாரு?

—என்னமோ போ. அந்தக் கார்டைக் கழட்டி என்ன பண்ணுவீங்க?

—டைரக்டர் கேட்டிருக்காரு. அழிச்சுட்டு வேற ஏதாவது ஏத்துவாங்க. மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? இருங்க, அழிக்கறதுக்கு முன்னாடி உங்க போன்ல ஏத்தித் தரேன். வீட்டுல வச்சுக் கேளுங்க.

—வேண்டாம்.

—ஏன்?

—போன்ல கேட்டா யாரோ பேசற மாதிரி இருக்கும். இங்க, அந்தக் கோடியில நின்னு கேட்டா, என்னைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு.

—சரிக்கா, சரி. கண்ணத் தொடைங்க. கடைசியா ஒரு தடவை ஓடட்டும். போய் உங்க கோடியில நில்லுங்க. நான் அதுக்குள்ள இந்தப் பக்கத்து ஒயரப் பிரிக்கறேன்.

—நிஜமாவா?

—போங்கன்னா. போடறேன்.

—“கேக்குதா? அந்தக் கோடியில கேக்குதா? கேக்குதுன்னா கையத் தூக்கு... இன்னும் நல்லாத் தூக்கு... ஆங், சரி. அவ்வளவுதான்.”

—அக்கா, பாத்தீங்களா? வெயிலுக்கு ஒதுங்கினவரும் கையத் தூக்கறாரு! அக்கா? எதுக்கு ஓடி வரீங்க?

—முடிஞ்சுது இல்ல, பட்டன அமுக்கணும்.

—எந்தப் பட்டன?

—இதை அமுக்கினா மறுபடி முதல்லேர்ந்து பேசுவாரு. நீதானே காட்டின, நின்னு போச்சுன்னா அமுக்கச் சொல்லி.

—நின்னு போனா அமுக்கணும். இது நிக்கல, ஓடிட்டு இருக்கு. கைய எடுங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அமுக்கினீங்களா?

—அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லம்மா, வெறும் அமைதிதான். அந்த அமைதி எனக்கு என்னமோ பண்ணுது. அவர் போன மாதிரியே இருக்கு. அதான், வாய மூடினதும் அமுக்கிடுவேன்.

—நீங்க ஒரு தடவைகூட மிச்சத்தக் கேக்கலயா? கார்டுல இன்னும் ரொம்ப நேரம் காட்டுதுக்கா. எதிரொலி பாக்கறதுக்குன்னு பதிவு பண்ணினவரு, அணைக்க மறந்துட்டாரு. ஏதோ சரசரன்னு வருது பாருங்க.

—அது ஒயர் சுத்தற சத்தம். முழங்கையில போட்டுச் சுத்துவாரு. நான் அப்ப பின்கதவப் பூட்டப் போயிருந்தேன்.

—ஷ்... பேசறாரு.

—“என்ன புறாவே, உத்தரத்துல உக்காந்து என்னையே பாக்கற? நீதான் சாட்சி. இத்தனை வருஷமா கேக்குதா கேக்குதான்னு தொண்டை கிழியக் கேட்டாச்சு. சாவி கையத் தூக்கிட்டுப் போயிடுது. பேசாதன்னு சொன்னவனே நான்தான், என்னை எதால அடிக்கறது? ‘போகாதீங்க’ன்னு அது ஒரு வார்த்தை சொல்லட்டும். அண்ணன் கடையாவது, கல்லாவாவது. இந்த ஒயரை எல்லாம் இங்கயே போட்டுட்டு உக்காந்துடுவேன்... சொல்லாது. போகலாம், வா.”

—அக்கா.

—மறுபடி போடு.

—மறுபடியா? அடப் போங்கக்கா! மறுபடி மறுபடி போட்டுத்தான் மனுஷனைப் பேசவே விடாமப் பண்ணியிருக்கீங்க. இந்தாங்க, என் போன். ரிங் போகுது.

—ஐயோ, வேண்டாம் அம்மாடி. வச்சுடு. என்னன்னு ஆரம்பிப்பேன்?

—எங்க கடல் உங்க சட்டைப் பையில இருக்குன்னு ஆரம்பிங்க.

—இரு, கையில சாவிக்கொத்து இருக்கு.

—கை வேலை முடிஞ்சு போச்சுக்கா. எடுத்துட்டாரு. பேசுங்க!

—ஹலோ... நான் சாவி. ஹால்லேர்ந்துதான் பேசறேன்... போகாதீங்க. கேக்குதா? கேக்குதுன்னா அங்க கையத் தூக்கிட்டு நிக்காதீங்க, இங்கேர்ந்து எனக்குத் தெரியாது. வாயத் தொறந்து சொல்லுங்க.