பச்சை நாடா

அந்தச் சனிக்கிழமை புதுவரவு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நூலகர் நில்தா சவாலா. அவளோடு வேலை செய்யும் நான், எவரிஸ்தோ. ஓய்வுபெற்ற ஆசிரியைகளான பெர்த்தோரா சகோதரிகள் இருவர், வழக்கம்போல ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. ரொட்டிக்கடை வால்தெர், காலையில் விற்காமல் மிஞ்சிய பிறைரொட்டிகளோடு. என் தம்பி தூலியோ. அப்புறம் வால்தெரின் நாய். அதற்கும் பெயர் உண்டு, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. மழை நாளில் எங்கள் நூலகத்துக்கு இவ்வளவு பேர் வந்தால் அது பெருங்கூட்டம்.

இவர்களில் இருவர் இப்போது இல்லை. தூலியோ ஜூன் மாதம் போனான். நில்தா ஜூலையில். நீங்கள் என்னை உட்கார வைத்துக் கேட்பதெல்லாம் நில்தாவைப் பற்றி. தூலியோவைப் பற்றி இதுவரை ஒரு அதிகாரியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனால் நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்களுடையது அரசு நூலகம் இல்லை. ஊர்க்காரர்கள் மாதச் சந்தா கட்டி நடத்தும் மக்கள் நூலகம். மூடிப்போன ஒரு வங்கியின் கட்டடத்தில் இருக்கிறது. பணம் எண்ணிய இடத்தில் இப்போது வாசிப்பு மேசைகள். பணம் வைத்த பெட்டக அறையில் பழைய நாளிதழ்க் கட்டுகள். ஆண்டுக்கு ஒருமுறை, புவெனோஸ் ஐரிஸில் புத்தகச் சந்தை நடக்கும்போது, எங்களைப் போன்ற நூலகங்களுக்குப் பாதி விலையில் கொடுப்பார்கள். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நூலகர்கள் சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். நானும் நில்தாவும் போவோம். அவள் ஒவ்வொரு கடையிலும் நின்று பேசுவாள். வந்திருப்பதை வாங்குவாள், வரப்போவதை விசாரிப்பாள். ஊர் திரும்பியதும், வசந்த காலத்தில் இன்ன நாவல் வருகிறது, அச்சில் இருக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுக்கு வரப்போகும் மருமகளைப் பற்றிக் கேட்பதுபோல எல்லோரும் வாய்பிளந்து கேட்பார்கள். பிறக்காத புத்தகத்துக்கு வரிசையில் பெயர் கொடுப்பார்கள்.

பச்சை நாடா அவள் கண்டுபிடித்த வழக்கம். எங்கள் இருவரில் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து, நல்ல புத்தகம் என்று சொன்னால்தான் அதன் முதுகில் நாடா ஏறும். எங்கள் ஊரில் பாதிரியார் ஒன்று சொன்னால் யோசிப்பார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னால் இன்னொரு கடையில் விசாரிப்பார்கள். பச்சை நாடாவுக்கு மறுபேச்சு கிடையாது. முடிச்சுப் போடுவது எப்போதும் நில்தாவின் கைதான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தையிலிருந்து வந்த பெட்டிகளை நாங்கள் பிரித்துக்கொள்வோம். கதைகள் ஒருவருக்கு, மற்றவை ஒருவருக்கு. அதில் பெரிய விதி ஒன்றும் இல்லை.

தூலியோ படிக்கிறவன் இல்லை. தானிய லாரி ஓட்டுகிறவன். அவன் சாப்பிடக்கூடாத பிறைரொட்டிகளின் வாசனைக்காகச் சனிக்கிழமைகளில் வருவான் என்று நாங்கள் கேலி செய்வோம். பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய். தினமும் வயிற்றில் ஊசி. எங்கள் அம்மா போட்டாள், அப்புறம் நான் போட்டேன், அப்புறம் அவனே போட்டுக்கொண்டான். அன்றைக்கு மேசையிலிருந்து அவன் எடுத்த புத்தகத்தின் பெயர் ‘ஊசியைக் கீழே வை.’ எழுதியவர் ஒரு மருத்துவர். பின்னட்டை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகில் பச்சை நாடா.

“தூலியோ, இது தடிமனா இருக்கே, லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கவா?” என்று வால்தெர் கேட்டான்.

“படம் இருக்கான்னு பாத்தேன்.”

“பின்னாடி டாக்டரோட பல்லு இருக்கு. அதுவே பெரிய படம்தான்” என்றாள் மூத்த பெர்த்தோரா. எல்லோரும் சிரித்தார்கள்.

தூலியோ சிரிக்கவில்லை. புத்தகத்தை நில்தாவிடம் நீட்டினான். “இது நெசமாவே நல்லதா நில்தா? எனக்கு ஆகுமா?”

“நாடா கட்டியிருக்கே” என்றாள் அவள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெந்நீரை இலையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிதானமாக ஊற்ற வேண்டும். கவனம் தப்பினால் முழுதும் கெட்டுவிடும்.

அவன் முதலில் ஊசியைக் குறைத்தான். வாதுமையும் வெறும் காய்கறியும் சாப்பிட்டான். பிறகு நிறுத்தினான். நிறுத்திய அன்று எனக்குத் தொலைபேசியில் சொன்னான். “அண்ணே, இன்னிக்கு ஊசி போடல. பயமாவும் இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு. நீ என்ன சொல்றே?”

நாடா கட்டின புத்தகம்தானே என்றேன். அது பொய் இல்லை. நாடா கட்டியிருந்தது.

அவனைக் கட்டிலில் கண்டெடுத்தவர்கள் அவனோடு லாரி ஓட்டியவர்கள். மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்த சாவுக் காரணத்தில் புத்தகத்தின் பெயர் இல்லை. துணிமணிகளை எடுக்கப் போனபோது அது தலையணைக்கு அடியில் இருந்தது. புரட்டினேன். நடுவில் ஒரு தாள் அச்சகத்தில் வெட்டப்படாமல் மடிப்போடே இருந்தது. மேல் விளிம்பு ஒட்டிய மாதிரி. கத்தியால் கீறினால் ஒழிய உள்ளே இருக்கும் பக்கங்களைப் படிக்க முடியாது. தூலியோ அதைத் தாண்டிப் போயிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு முன்னால் வேறொருவர் முழுதும் படித்துவிட்டார் என்று நம்பியவன் அவன்.

மடிப்பை விரல்களால் குவித்து, உறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். சிறு வயதிலிருந்தே ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த முறை பொருந்தாது, அவர்கள் ஊசியை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று உள்ளே அச்சிட்டிருந்தது. சிரித்த டாக்டர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய பத்தி. ஆனாலும் எழுதியிருந்தார். படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் அந்தத் தாளைக் கீறவில்லை. நாடா கட்டிய புத்தகத்தை யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சியைக் கெடுக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நில்தா அடக்கத்துக்கு வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே மேசையைத் துடைத்து அதே இடத்தில் புதுப் புத்தகங்களை அடுக்கினாள். வசந்தத்தில் வரப்போகும் நாவலைப் பற்றிச் சொன்னாள். பெர்த்தோரா சகோதரிகள் யாருக்கு முதலில் என்று சண்டை போட்டார்கள். அவள் இழுப்பறையிலிருந்து நாடாச் சுருளை எடுத்தாள். அளந்து வெட்டினாள். முடிச்சுப் போட்டாள்.

அந்த முடிச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் அழுததைத் தாங்கினேன், பேசாமல் இருந்ததையும் தாங்கினேன். கை கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டும்.

நான் கத்துகிறவன் இல்லை. யாரையும் அடித்ததில்லை. எனக்குத் தோன்றியது நியாயமான ஒன்றுதான். படிக்காமல் விட்டதை அவள் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலைக் குளிர்கால விடுமுறைக்கு நூலகத்தை மூடுவதற்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டம் கலைந்ததும், பெட்டக அறையில் தண்ணீர் ஒழுகுகிறது, நாளிதழ்க் கட்டுகள் நனைகின்றன என்று சொன்னேன். உடனே எழுந்து போனாள். கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய இன்ஹேலர் அதில்தான் இருந்தது. எனக்குத் தெரியும். தூசி கிளம்பும் நாட்களில் எத்தனையோ முறை ஓடிப்போய் அதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். பெட்டக அறையில் தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியிலிருந்து தெளிவாகச் சொன்னேன். “படிச்சு முடிச்சதும் தட்டு. திறக்கறேன்.”

நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. வாசிப்பு மேசையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் தட்டினாள். ஆனால் மிகவும் சீக்கிரமாகத் தட்டினாள். கெட்டிலில் வெந்நீர் இன்னும் ஆறவில்லை. அந்தத் தடிமனான புத்தகத்தை யாரும் அதற்குள் முடிக்க முடியாது. நுனிப்புல் மேய்ந்துவிட்டு முடித்துவிட்டேன் என்று தட்டுகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போதுதான் எனக்கு முதன்முறையாக முழுக் கோபம் வந்தது. இப்போதுகூடவா என்று இருந்தது.

பிறகும் தட்டினாள். போகப்போகச் சத்தம் குறைந்தது. ஒழுங்காகப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குடுவையைக் கழுவிக் கவிழ்த்தேன். விடுமுறைப் பலகையை வாசலில் மாட்டினேன். பெட்டக அறையின் விளக்கை மட்டும் அணைக்கவில்லை. படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா. அவளுடைய கைப்பையை, யாராவது எடுத்துவிடக் கூடாதே என்று, பத்திரமாக இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாடாச் சுருளுக்குப் பக்கத்தில்.

நேற்று நீங்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். மடிந்த தாள் கிழிந்திருந்தது. நகத்தால் கிழித்த கோணல் கிழிசல். அவள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்திருக்கிறாள், அதைப் படித்துவிட்டுத்தான் தட்டியிருக்கிறாள் என்று சொன்னீர்கள். இருக்கலாம். கிழிப்பது வேறு, படிப்பது வேறு. நூலக வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. சொல்கிறேன்.

பெட்டக அறைக்குள் நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒழுகல் எதுவும் இல்லை. திரும்பினாள். நான் வாசலில் புத்தகத்தோடு நின்றேன். அதன் பெயரைப் பார்த்தாள். மடிந்த தாளைக் காட்டி, படிக்காததற்கு ஏன் முடிச்சுப் போட்டாய் என்று கேட்டேன். அவள் பயப்படவில்லை. நெடுநாளாக எதிர்பார்த்ததைப்போலப் பெருமூச்சு விட்டாள்.

“எவரிஸ்தோ, கதைப் பெட்டி எனக்கு. மத்ததெல்லாம் உனக்கு. எந்த வருஷம் மாத்தியிருக்கோம்? இதை நீதானே கொண்டாந்து வச்சே. ‘படிச்சுட்டேன், கட்டிடு’ன்னு சொன்னே. கட்டினேன். உன் தம்பி கேட்டப்ப உன்னைத் திரும்பிப் பாத்தேன், நீ தண்ணி ஊத்திட்டு இருந்தே.”

நான் புத்தகத்தை மூடினேன்.

“நான் இதை யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ தாங்க மாட்டே” என்றாள்.

அவள் குரலில் இரக்கம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. படித்துவிட்டேன் என்று நான் சொன்னது வாய்வார்த்தை. அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைத்தான் சொன்னேன். எல்லா ஆண்டும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் முடிச்சுப் போட்டது அவள் கை. ஒருவன் சொன்னால் உடனே நம்பி முடிச்சுப் போட்டுவிடுவதா? ஒருமுறை திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

புத்தகத்தை அவள் கையில் வைத்தேன். வெளியே வந்தேன். வங்கிக்காரர்கள் போட்ட கதவு, கனமானது, ஆனால் தள்ளினால் சத்தமே இல்லாமல் மூடிக்கொள்ளும். மூடினேன். சாவியைத் திருப்பினேன்.