நொண்டாத குதிரை

மூன்றாவது முறையாக ஃபோன் அடிக்கிறது. எடுக்காவிட்டால் நேரில் வந்து நிற்பான். வந்தால் முதல் உதை கதவுக்கு. அண்ணன் என்றதும் மற்றவர்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். எனக்குக் கதவுதான் வருகிறது. மணி பதினொன்று. மூன்றுக்குக் குதிரைப் பந்தயம். மேசையில் இருக்கும் தகுதிப் படிவத்தில் ஒரே ஒரு கட்டமும் என் கையெழுத்தும்தான் பாக்கி.

ஹலோ... ம், சொல்லுண்ணா... ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். குதிரை டாக்டர் வேற எங்க இருப்பா?... ஆமா, ஆமா, ஃபாரம் முன்னாலதான் இருக்கு... இல்ல, இன்னும் கையெழுத்துப் போடல... கத்தாதே... கத்தாம பேசுன்னு சொல்றேன்.

அதுல என்ன கேட்டிருக்காங்கன்னு படிச்சியா நீ?... "கடைசிப் பத்து நாளில் அதிர்வலை சிகிச்சை தரப்பட்டதா?"... தந்தேனே! செவ்வாக்கிழமை நான் மெஷினைப் பிடிச்சேன், நீ கயித்தைப் பிடிச்சே. இன்னிக்கு வெள்ளி. "இல்லை"ன்னு எப்படி எழுதுவேன்?

உன் குதிரை நொண்டல... தெரியும். நொண்டாது... அண்ணா, ஒரு நிமிஷம் கேளு. அந்த மெஷின் எலும்புல அலையை அடிச்சு அடிச்சு அதை உசுப்பி விடுது. புது எலும்பு வளரணும்னு. அதுக்கு மாசக்கணக்காகும். ஆனா வலி உடனே மரத்துடும்... ஆமா... அதனாலதான் பத்து நாள் ஓடவிடக் கூடாதுன்னு ரூல் வெச்சிருக்காங்க. வலி போச்சு, விரிசல் போகல. எக்ஸ்ரேல தலைமுடி மாதிரி அப்படியே ஓடுது...

என்ன சத்தம் அது?... டக் டக்னு கேக்குதே... தடியா? அந்தக் கால்லயா தட்டறே?... ஐயோ, நிறுத்து... அசையல, சரி, நம்பறேன்... அடிக்காதேண்ணா! எனக்குக் கேக்கணும்னு அடிப்பியா?... குதிரையைப் பாத்துக்கறவர்கிட்ட ஃபோனைக் குடு... ஏன் குடுக்க முடியாது?... மூக்குல ரத்தமா? குறுக்க வந்தா அவரையும் அடிப்பியா? நம்ம அப்பா வயசுடா அவருக்கு!

அசையாமல் நிற்கிறதாம். அடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய சம்மதம் வேண்டியதில்லை.

நம்ம பழைய குதிரை செம்பட்டை என்ன ஆனான்னு மறந்துட்டியா?... நான் மறக்கல. அதுக்கும் நீ இப்படித்தான் குதிச்சே. தேறிட்டா, தேறிட்டான்னு. நானும் பயந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்... ஆமா, பயந்துதான். வளைவுல காலு ரெண்டாச்சு. எலும்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளில நின்னுது. அதைத் தரையில ஊணி ஊணி இன்னும் நாப்பது அடி ஓடினா அவ... விதியாம், விதி! கடைசி ஊசியைப் போட்டது நான். அவ பல்லெல்லாம் மண்ணு. அவ மேல இருந்தது யாரு? நம்ம சின்னவன். இடுப்பு நொறுங்கிப் பதினோரு மாசம் படுக்கை. இன்னிக்கும் அவனைத்தானே ஏத்தப் போறே?

என்னது?... கையை உடைப்பியா? புதுசா சொல்றே. ஒருதரம் உடைச்சவன்தானே. எனக்கு ஒன்பது வயசு. குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். வலிக்கவே இல்லன்னும் சொன்னேன்... வா. வந்து உடை. இடது கையாலயும் எனக்கு எழுத வரும்.

யாரு?... யாருகிட்ட குடுக்கறே?...

டேய்... சின்னவனே... சாப்பிட்டியா?... ஆமா, ஏறதுக்கு முன்னாடி உன்னை எடை பாப்பாங்கல்ல, மறந்துட்டேன்... ம்... ம்... தெரியும்டா. விழுந்து எழுந்ததுக்கப்புறம் உனக்குக் கிடைச்ச முதல் குதிரை... வேற யாரும் கூப்பிடலன்னும் தெரியும்... அழாதே... அழாம சொல்லு. அவன் பக்கத்துல நிக்கறானா?... போயிட்டானா. அப்போ நீயாத்தான் கேக்கறியா?... நீயாவா.

இதற்கு நான் தயாராக இல்லை. அண்ணனின் அடிக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். இவன் கெஞ்சுவான் என்று நினைக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன்.

ம்... கேக்குதுடா... ஆமா, இதுவரைக்கும் நீ என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல... ஆமா... நீ விழ மாட்டே, சரி. குதிரை காலு உடையுமே... இல்ல, கோவமெல்லாம் இல்ல... இல்லடா. "ஆம்"னு எழுதிட்டேன். நீ பேசிக்கிட்டிருக்கறப்பவே. செவ்வாக்கிழமைன்னு தேதியும் போட்டாச்சு... ம்... திட்டு, பரவால்ல, நல்லா திட்டு... அக்கான்னு கூப்பிடாட்டியும் பரவால்ல...

மாத்த மாட்டேன்டா.