காணிப்பாக்கத்தில் பூஜை போட்ட மினி

சின்ன காரில் சேர்ந்து போகிறவர்கள் சீக்கிரம் சிநேகமாகிவிடுவார்கள், சார். தோளோடு தோள் இடிக்காமல் உட்கார முடியாது. நானும் சம்பத்தும் அப்படித்தான் சிநேகமானோம். அவர் அந்தச் சிவப்பு மினி காரை ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வழி சொல்வேன். மலைப்பாதை, மண்பாதை என்று அந்தக் கால கார் ராலிகளில் பெரிய பெரிய கார்களுக்கெல்லாம் தண்ணி காட்டிய வண்டி அது. சம்பத் காலமான பிறகு சித்தூரில் என் ஷெட்டில்தான் நின்றது. துடைப்பது, கிரீஸ் வைப்பது எல்லாம் நான்தான்.

அவர் மகன் ஹரிபாபு நல்ல பையன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். திருப்பதி வரை நடக்கும் பழைய கார் ராலியில் மினியை ஓட்டிவிட்டு, அங்கேயே ஒரு ஹோட்டல்காரரிடம் விற்றுவிடப் போவதாகச் சொன்னான்.

“என்ஜினைக் கழட்டிட்டு வாசல்ல வெப்பாங்களாம் மாமா. உள்ள பூந்தொட்டி. வர்றவங்கல்லாம் செல்ஃபி எடுத்துக்குவாங்க.”

அவன் மனைவி சந்தியா சிரித்தாள். “மாமா மூஞ்சப் பாரு. பொண்ணக் கட்டிக் குடுக்குற மாதிரி கீது.”

நானும் சிரித்தேன். இடிபட்ட காரை எந்த ஹோட்டல்காரரும் வாங்க மாட்டார் என்று அப்போதுதான் தோன்றியது. லேசான இடி போதும். நசுங்கினதைத் தட்டி எடுத்து நானே வைத்துக்கொள்வேன்.

முன்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவது எனக்குத் தெரியும். நான் எதையும் அறுக்கவில்லை, சார். சரிசெய்யவில்லை, அவ்வளவுதான்.

ராலி அன்று காலை காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார்கள். ஹரிபாபு குனிந்து பார்த்தான்.

“இன்னா மாமா, இந்த டயர்கிட்ட மட்டும் இவ்ளோ ஈரமா கீது?”

விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். என்னைக் கேட்டான்.

“பழம் நசுங்கினா சாறு வராதா நைனா? கெளம்பு, நேரமாவுது.”

கிளம்பினான். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். முதல் திருப்பத்தில் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்தது. அடுத்ததில் விட்டு விட்டு எரிந்தது. மிதித்து மிதித்துப் பார்க்கிறான் என்று புரிந்தது. நான் ஹாரன் அடித்திருந்தால் ஓரம் கட்டியிருப்பான். புத்தலப்பட்டு தாண்டி, மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விளக்கு எரியவே இல்லை. அந்த வண்டியில் ஆயில் தீர்ந்தால் விளக்கும் எரியாது.

காரில் இருந்த இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். லேசாக இடிக்கும் என்று நினைத்தது என் தப்புதான்.

சந்தியாவும் கூடப் போகிறாள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும், சார். அவள் ஏறியதும் கதவைச் சாத்தியது நான்தான். அதை ஓங்கிச் சாத்தக் கூடாது. மெதுவாக அழுத்த வேண்டும். அந்தப் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது.