சொல்லாத பெயருக்குக் காவல் நின்றவர்

அஞ்சாமையே அணிகலனாய், வாய்மையே வழித்துணையாய் வாழ்ந்து, செய்தியாசிரியர் பொறுப்பிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களுக்கு, நாளிதழ் அலுவலகத்தார் நெஞ்சம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

அச்சு மையின் அருமை மகளே! எங்கள் அவையின் ஆணிவேரே!

போர்க்காலத்தில் ஒற்றரைப் பிடிக்கப் பிறந்தது அரசு இரகசியச் சட்டம். போர் ஓய்ந்தது; சட்டமோ ஓய்வுபெற மறுத்தது. அதற்கும் ஏதேனும் வேலை வேண்டுமே! குடிநீர்த் தொட்டியில் ஈயம் கலந்திருப்பதைச் சொன்ன ஆய்வறிக்கைமேல் 'இரகசியம்' என முத்திரை குத்தினார்கள். குழந்தைகள் அந்நீரையே குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துறைக்குள்ளிருந்த ஒருவர் அவ்வறிக்கையை அக்காவிடம் சேர்த்தார். மறுநாள் நம் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. தொட்டியைப் பூட்டினார்கள், அக்காவையும் பூட்டினார்கள்.

"பேரைச் சொல்லும்மா, இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றார் விசாரணை அதிகாரி.

"தண்ணி கெட்டிருக்குன்னு சொல்லிட்டேன் சார். அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

பிணையில் வந்தவரைச் சிறையினும் பெரிய தனிமை எதிர்கொண்டது. போகுமிடமெல்லாம் போலீஸ்காரர் ஒருவர் பின்தொடர்ந்தார். தான் பார்க்கப் போகிறவர்மேலெல்லாம் சந்தேகம் விழும் என்றறிந்து, அக்கா எவரையும் பார்க்கப் போகவில்லை. தங்கை மகள் திருமணத்துக்கும் போகவில்லை.

"ஏன்க்கா இப்படி ஒதுங்குற?" எனத் தங்கை தொலைபேசியில் அழுதார்.

"வேலை ஜாஸ்திடி" என்று வைத்துவிட்டார்.

ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கில், உண்மையை எழுதுவது குற்றமன்று என நீதிமன்றம் விடுவித்தது. சென்ற மழைக்காலத்தில் அந்த இரகசியச் சட்டமே ஒழிந்தது. இனிப்போடு அவர் மேசையைச் சூழ்ந்தோம். விளையாட்டுச் செய்தியாளர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்:

"இப்பவாவது சொல்லுங்கக்கா, யாரு அவங்க?"

அக்கா இனிப்பை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே வைத்துவிட்டார்.

"அவங்க இப்ப இல்லப்பா. வழக்கு நடக்கறப்பவே போயிட்டாங்க. இரங்கல் விளம்பரத்தை நம்ம பேப்பர்லதான் பார்த்தேன். போகணும்னு செருப்புகூட மாட்டிட்டேன். போனா நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு வாசல்லயே நின்னுட்டேன்."

"சட்டம்தான் போயிடுச்சேக்கா, இப்ப சொன்னா என்ன?"

"சட்டத்துக்கிட்டயா நான் வாக்குக் கொடுத்தேன்?"

அன்புக்குரிய அக்கா! நலமும் நீள்ஆயுளும் உங்களை நீங்காதிருக்கட்டும். இனி ஞாயிறுதோறும் நாங்கள் கூட்டமாய் உங்கள் வீட்டுக்கு வருவோம். வாய் வலிக்கப் பேசுவோம். அந்தப் பெயரை மட்டும் கேட்கமாட்டோம்.

என்றும் உங்கள்,
செய்திப் பிரிவு, அச்சுப் பிரிவுத் தோழர்கள்