அறுந்திருக்க வேண்டிய நூல்

பிள்ளையார்பாளையம் படிப்பகத்தின் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் தணிகாசலம் அவர்களே! தறிக்குப் பாவு நீட்டும் தெருவில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பண்பாளர்களே! நாளெல்லாம் நூல் சுற்றிய கை நோவோடு, இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தற்கால் முறியும்படி தொற்றிக்கொண்டிருக்கும் தோழர்களே! வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நாற்காலி கொடுத்தும் அமராமல், கடைசி வரிசைக்கும் பின்னால் விளக்குக் கம்பத்தோரம் நிற்கும் மேரியம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இளங்கோவன் வணக்கம் சொல்கிறேன்.

திரும்பிப் பார்க்கிறீர்கள். யார் இந்த மேரியம்மாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னைக் கழுகு என்றார்கள், கருடன் என்றார்கள். கருட சேவைக்குப் பேர்போன ஊர், சொல்லட்டும். ஆனால் நான் இயந்திரவியல் படித்தவன். எனக்கு எடை தெரியும், இழுவை தெரியும், எனக்கு இறகு கிடையாது என்பதும் தெரியும். வானத்தை வென்றவன் என்றார்கள். வென்றேனா? ஆயிரத்து இருநூறு அடி உயரத்தில் பறந்த விமானத்திலிருந்து விழுந்தேன். விழுந்தவனைப் பாராசூட் துணி தாங்கியது. அவ்வளவுதான். தாங்காமல் விட்ட துணியைப் பற்றி இந்த மேடையில் யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா?

சீனப் போர் முடிந்த மறு ஆண்டு. பாலிடெக்னிக்கில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த இருவரில் ஒருவன் நான். இன்னொருவன் யேசுதாஸ், மேரியம்மாளின் மகன். எனக்கும் அவனுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அன்று அவன் சொன்னான்:

"தோ பாருபா. கம்பெனி வேலைன்னா பேரு கேப்பான், ஊரு கேப்பான், அப்பால எந்தத் தெருன்னு கேப்பான். மிலிட்டிரில மாரு அளவுதான் கேக்கறானாம். நான் போறேன். நீ வரியா, இல்ல உங்கப்பன் தறிக்குத் தார் சுத்திக்கினு இருக்கப் போறியா?"

நாட்டுப்பற்று அழைத்தது என்று நான் சொன்னால் கை தட்டுவீர்கள். தட்டாதீர்கள். அந்தக் கிண்டல் பொறுக்காமல்தான் போனேன். போனவன் இருந்தேன், பொருந்தினேன், பிடித்தும் போயிற்று. அது வேறு.

வடக்கே, வெயில் வெந்து உதிரும் ஊரில் பயிற்சி. முதல் முறை விமானத்தின் கதவோரம் நின்றபோது கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே வயல் இல்லை, வீடு இல்லை, வண்ணங்கள்தான் இருந்தன. எனக்குப் பின்னால் நின்றவன் யேசுதாஸ். காதோரம் குனிந்து கத்தினான்: "இன்னாபா, தென்னேரி மதகு மேலேர்ந்து எகிறுவியே! இது வெறும் காத்துதான், நனையக்கூட நனையாது!" சிரித்துக்கொண்டே குதித்தேன். அன்று எனக்குத் துணிச்சல் கொடுத்தது தேசமா? தெய்வமா? அந்தச் சேரிக்காரன், அந்தச் சிரிப்புக்காரன், அந்தச் சிநேகிதன்!

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறார். ஐயா, சுருக்கித்தான் சொல்கிறேன். ஓர் உயிரே சுருங்கிய கதை இது.

குதிப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். பாராசூட் குடை மடிக்கும் வேலை. நெசவாளி வீட்டுப் பிள்ளை, துணி சொன்னபடி கேட்கும் என்று நினைத்தார்கள். கேட்டது. நீண்ட மேசையில் பாவு போலப் பரப்பி, மடிப்பு மேல் மடிப்பாக வைத்து, பைக்குள் அடக்குவேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கட்டு உண்டு. தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். குடையின் உச்சியையும், விமானத்தோடு பிணைத்த பட்டையையும் சேர்த்து ஒரு நூலால் கட்ட வேண்டும். ஒரே சுற்று. மெல்லிய நூல். ஆள் குதித்ததும் பட்டை குடையை வெளியே இழுக்கும். குடை முழுதும் நீண்டதும் அந்த நூல் பட்டென்று அறுந்துவிட வேண்டும். அறுந்தால்தான் குடை விரியும். அறுவதற்கென்றே கட்டுகிற நூல் அது!

நம் வீட்டில் அப்படி ஒரு நூல் உண்டா? இழை அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பா முகம் மாறும். அறுந்த இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி, அறுந்த இடம் தெரியாமல் பிணைப்பவளைத்தானே நாம் கைகாரி என்கிறோம்? அறுதல் குற்றம், அறாதிருத்தல் பெருமை. ஆறு வயதிலிருந்து இந்த விரல்கள் படித்த பாடம் அது ஒன்றுதான்.

போன ஆண்டு மாசி மாதம். மறுநாள் குதிக்க வேண்டிய யேசுதாஸ், நான் மடிக்கும் மேசைக்கு வந்து நின்றான். "என் குடையா அது? கெட்டியா கட்டுபா, காஞ்சிவரத்தானே! உங்க ஊட்டு முந்தானை கணக்கா கெட்டியா இருக்கணும்!" என்றான். விளையாட்டுக்குச் சொன்னான்.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நூலைத் தொட்டபோதெல்லாம் எனக்குக் கூசும். இவ்வளவு நொய்ந்த நூலா என் நண்பன் தலைக்கு மேல்? சுவரில் அட்டை தொங்கியது. ஒரு சுற்று என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. படித்தவன் நான்; அட்டையைப் பார்த்தேன். கை கேட்கவில்லை. மெழுகு தடவினேன். மூன்று சுற்றுச் சுற்றினேன். பரிசோதிக்க வந்தவர் கண்ணில் படாதபடி, பிணைத்த இடம் தெரியாமல், நம் தெருக் கைத்திறன் அத்தனையும் காட்டி முடிந்தேன்.

மறுநாள் அவன் குதித்தான். கீழே நின்று நான், குதிப்பவர்கள் நொடிக்கு ஒன்றாக எண்ணும் கணக்கில், எண்ணினேன். ஓராயிரம். ஈராயிரம். மூவாயிரம். நாலாயிரம். நாலாயிரம் என்னும்போது குடை விரிந்திருக்க வேண்டும். நூல் அறவில்லை. நூல் அறாததால் குடை கிழிந்தது, உச்சியிலிருந்து ஓரம் வரைக்கும்; பிறகு பட்டையே அறுந்தது. மார்பில் மாற்றுக் குடை இருந்தது. அதை அவன் இழுத்தான். கேளுங்கள், இழுத்தான்! பதறியவன் இழுப்பானா? பயந்தவனுக்குக் கைப்பிடி அகப்படுமா? அதுவும் கிழிந்த குடையில் சுற்றிக்கொண்டது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நான். அவனைப் பார்த்தேன். பிறகு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். குடையின் உச்சியில் ஒட்டியிருந்த அந்தக் கட்டை அறுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். விசாரணையில், "எத்தனை சுற்று?" என்று கேட்டார்கள். "ஒரு சுற்று, சார்" என்றேன். "அவன் குதித்த விதம் எப்படி?" என்றார்கள். "நிலை தவறிக் குதித்தான்" என்றேன். நான் சொன்னதை நம்பித்தான் எழுதினார்கள்.

அந்த ஒரு வரி இங்கே வந்து என்னவெல்லாம் ஆயிற்று! தந்தி வந்த வாரத்திலேயே, "பயந்து கால் இடறிட்டானாம்" என்றார்கள். "அந்தத் தெருப் பசங்களுக்கு உசரம் ஆவாதுபா" என்றார்கள். யார் சொன்னது? டீக்கடை சொன்னது. சந்தை சொன்னது. இந்தப் பந்தலில் இருப்பவர்களும் சொன்னீர்கள்! அவன் தம்பி ஆளெடுப்பு முகாமுக்குப் போனபோது வரிசையில் நின்றவர்களே சிரித்துத் துரத்தினார்கள். மேரியம்மாள் நம் ஊர்ச் சந்தைக்கு வருவதை விட்டார். எனக்கு இங்கே பொன்னாடை!

யாரது? முருகேசனா? "ஏம்பா, மாலை போட்ட மேடைல இன்னா பேச்சு பேசிக்கினு இருக்கிற? உக்காரு!" என்கிறாயா? உட்காருகிறேன் முருகேசா. ஓராண்டாக உட்கார்ந்துதானே இருந்தேன்? அந்த மாலை எனக்குத் தகாது என்று சொல்லத்தான் எழுந்து பேசுகிறேன்.

முன்வரிசையில் என் தந்தை கைலாசம் தலை குனிந்துகொண்டார். அப்பா, நிமிருங்கள். தறி உங்களுடையது. தவறு என்னுடையது.

இதோ, என் சட்டைப் பையில் இருந்த அந்த நூல். மூன்று சுற்று. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். நேற்றே எல்லாவற்றையும் படை அதிகாரிகளுக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நாளைக் காலை ரயிலில் நானும் போகிறேன். என்ன தண்டனை கொடுப்பார்கள் என்று தெரியாது. குறைத்துக் கேட்கவும் மாட்டேன்.

படைக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கும் பன்னிரண்டு இளைஞர்களே! போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் பழகிய கை பிழை செய்யும் என்று தெரிந்து போங்கள். அட்டையில் இருப்பதைச் செய்யுங்கள். பிழை செய்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, வாய் திறந்து சொல்லுங்கள். ஓர் ஆள் வானத்திலிருந்து ஒருமுறைதான் விழுவான். அவன் பேரை நீங்கள் நாள்தோறும் கீழே தள்ளிவிடலாம். நான் தள்ளினேன். ஓராண்டு தள்ளினேன்!

மேரியம்மா ஏதோ கேட்கிறார்கள். சத்தம் போடாதீர்கள். அம்மா, இன்னொரு முறை சொல்லுங்கள்.

"புள்ள பயந்துக்கினா போச்சு?" என்கிறார்கள்.

இல்லைம்மா. அன்னிக்கு கதவுலேர்ந்து மொத ஆளா குதிச்சான். பயந்தவன் நான்.

தலைவர் அவர்களே, பொன்னாடையை மடித்து நாற்காலி மேல் வைத்திருக்கிறேன். அதை யாருக்கும் போர்த்த வேண்டாம், அந்த அம்மாவுக்கும் வேண்டாம். அவர் அதைக் கேட்டு வரவில்லை. இந்த ஊர் கொடுக்க வேண்டியது ஒன்றுதான். நாளைக்கு அவர் நம் சந்தைக்கு வரும்போது, யேசுதாஸ் அம்மா என்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூசாமல், குரலைத் தாழ்த்தாமல் கூப்பிடுங்கள்.

கேட்கக் கசந்ததை எழுந்து போகாமல் கேட்டீர்கள். நன்றி. கம்பத்தோரம் நிற்கும் தாய்க்கு முதலில், பிறகு உங்கள் அனைவருக்கும், வணக்கம்.