ஊதா வளையம்

"வீட்டுக்கு எதுக்கு ரெண்டு மூக்கு?" என்று ப்ரிட்டா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. அவர்கள் வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸுக்கு நான் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை பிவிசி குழாய்கள் இரண்டு, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். ஒன்று எரிவதற்கு வேண்டிய காற்றை உள்ளே இழுக்கும். மற்றது எரிந்த விஷப்புகையை வெளியே தள்ளும்.

"ஒண்ணு மூச்சு இழுக்க, இன்னொண்ணு மூச்சு விட" என்றேன்.

"அப்ப பனி பேஞ்சா மூக்கு அடைச்சுக்குமே, ரஸ் மாமா?"

"அடைச்சுக்கும். அதனால உனக்கு ஒரு வேலை தர்றேன். பனி பேஞ்சதும் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வந்து மூக்கச் சிந்தி விடணும். செய்வியா, மேஸ்திரி?"

"சம்பளம்?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒரு பெப்பர்மிண்ட்."

பேரம் முடிந்தது என்று அவள் உள்ளங்கையில் எச்சில் தொட்டு நீட்டினாள். நானும் குலுக்கினேன்.

குழந்தைகளிடம் நான் எப்போதும் அன்பாகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். மினசோட்டாவில் எங்கள் சுரங்க ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தேவாலயத்தில் வாசலில் நின்று கை கொடுத்து உட்காரவைக்கிறவன் நான். கோட்டுப் பையில் மிட்டாய் இல்லாமல் போனதில்லை.

அது அக்டோபர் மாதம், சனிக்கிழமை. ப்ரிட்டாவின் அப்பா டுவேன் கோஸ்கி படிக்கட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் அவனுக்கு இரவு வேலை. பகலில் வெளிச்சம் படாமல் தூங்குவதற்காக நிலவறையிலேயே, ஃபர்னஸுக்கு அடுத்த அறையில், கட்டில் போட்டிருந்தான். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் தூங்குவார்கள்.

"என்னப்பா ரஸ், என் பொண்டாட்டி உன்ன வேலைக்குக் கூப்பிட்டாளா, விருந்துக்குக் கூப்பிட்டாளா? காலையிலேர்ந்து மூணு துண்டு ஆப்பிள் பை தின்னுட்ட."

"நாலாவது துண்டு எங்கன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அது எனக்கு. நீ கைய நீட்டுன, பைப்புக்குள்ள உன்னத் திணிச்சு வெளிய தள்ளிருவேன்."

அவனை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் எல்லாக் குழாய்களையும் பசை இல்லாமல் சும்மா செருகிப் பார்ப்போம். கோணம் சரியாக வந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் கோடு போட்டு, கழற்றி, ஊதாநிறத் திரவம் தடவி, அதன்மேல் பசை தடவி, திரும்பச் செருகித் திருகுவோம். சோதிக்க வருகிறவர் ஒவ்வொரு மூட்டிலும் ஊதா வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கையெழுத்துப் போடுவார். உள்ளே பசை இருக்கிறதா என்று பார்க்க யாராலும் முடியாது.

வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால், புகைக் குழாயில் முழங்கைபோல வளைந்த ஒரு மூட்டு. அதுதான் கடைசி. மணி நாலரை ஆகியிருந்தது. அன்று தேவாலயத்தில் மீன் விருந்து. நடக்க முடியாத ஹில்மா அம்மாளை ஐந்து மணிக்குக் காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அந்த மூட்டைக் கழற்றினால் மேலே குழாயைத் தாங்கும் பட்டைகள் மூன்றையும் அவிழ்க்க வேண்டும். செருகியதே இறுக்கமாகத்தான் நின்றது. தூரிகையால் வெளிப்புறம் சுற்றி ஊதா வளையம் ஒன்று வரைந்தேன். திங்கட்கிழமை வந்து பசை போடலாம் என்று நினைத்தேன்.

ஹில்மா அம்மாள் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி ஒரு மகன் எனக்குப் பொறக்கலியே" என்றாள்.

திங்கட்கிழமை வேறு வேலை வந்தது.

டிசம்பரில், பனிக்காற்று அடித்த ஒரு வியாழக்கிழமை, பள்ளியிலிருந்து வந்த ப்ரிட்டா அப்பாவை எழுப்பப் போனாள். அவன் எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊர்த் தீயணைப்புக் குழுவில் நானும் ஒரு தொண்டன். ஃபர்னஸ் சம்பந்தப்பட்டது என்றால் என்னைத்தான் கீழே அனுப்புவார்கள். கதவுகளைத் திறந்து காற்றோட்டம் செய்தபின் தனியாகத்தான் இறங்கினேன். டுவேனை அதற்குள் மேலே கொண்டுபோயிருந்தார்கள். தலையணையில் வாந்தி இருந்தது. அவன் மனைவி ஜானிஸ் அதைப் பார்க்க வேண்டாம் என்று உறையைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிறகு தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். முழங்கை மூட்டு இரண்டு விரல் அகலம் விலகி நின்றது; புகை அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. ஊதா வளையம் அழகாக, முழுசாக இருந்தது.

பசை டப்பா எப்போதும் என் பையில் இருக்கும். பட்டைகளை அவிழ்த்து, பசை போட்டு, செருகி, திருகி, முப்பது விநாடி பிடித்துக்கொண்டு நின்றேன். இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. அந்தப் பசையின் வாடை, ஏதோ பழம் அழுகினாற்போல இனிப்பாக இருக்கும். அதுவரை எனக்கு அது தெரிந்ததே இல்லை.

குழுத் தலைவர் மெல்வின் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். "என்ன நாத்தம்டா அது?"

"பழைய டப்பா. மூடி சரியா இல்ல."

"என்ன ஆச்சுன்னு தெரியுதா?"

வெளியே போய்ப் பார்த்தேன். பனி குவிந்து இரண்டு குழாய்களையும் மூடியிருந்தது. அது நான் செய்ததல்ல. பனி பெய்தது, அவ்வளவுதான். சமையலறைக்குத் திரும்பி, "வெளிய பனி மூடியிருக்கு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஜானிஸ் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "காலையில பெருக்குனியா, கண்ணு?"

ப்ரிட்டா காலணியைக்கூடக் கழற்றவில்லை. "பஸ் வந்துருச்சும்மா" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு வேலை கொடுத்தவன் நான் அல்லவா.

பனி மூடினால் ஃபர்னஸ் தானாகவே நின்றுவிடும். அதற்கென்றே உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது. வீடு குளிரும், குழாய்த் தண்ணீர் உறையும், யாரும் சாக மாட்டார்கள். இது எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். அந்தச் சமையலறையில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். நான் குனிந்து அவள் தலையைத் தடவி, "நீ சின்னப் புள்ளம்மா, உன் மேல தப்பில்ல" என்றேன். எல்லாரும் அழுதார்கள். அப்படிச் சொன்னால் தப்பு அவளுடையதுதான் என்று ஆகிவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு தோன்றியது.

அதன்பின் என் விரல்களிலிருந்து அந்த வாடை போகவே இல்லை. எலுமிச்சை, மண்ணெண்ணெய், மணல் எல்லாம் தேய்த்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நற்கருணை அப்பத்தை வாயில் வைக்கும்போது அந்த அழுகல் இனிப்புத்தான் முதலில் வரும். விழுங்கிவிடுவேன். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று தனியாக உள்ளே இறங்கியதற்காக ஊர்ப் பெண்கள் எனக்கு உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துப் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடியைத் திறக்கவே அருவருப்பாக இருக்கும். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன், நன்றி சொல்லி.

ப்ரிட்டா அதன்பின் என்னிடம் பெப்பர்மிண்ட் வாங்கியதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா போனபின் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பனிக்காலத்தில் ஊரைவிட்டு எங்கும் போக மாட்டாள். பனி விழுந்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து விளக்குமாற்றை எடுப்பாள். தேவாலயத்துக்கு மட்டும் தவறாமல் வருவாள். அந்த ஒரு மணி நேரமும் பனி விழுகிறதா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதனால் நான் ஒன்று செய்யத் தொடங்கினேன். பதினோரு வருடங்களாகச் செய்கிறேன். பிரசங்கம் தொடங்கியதும் பின்வாசல் வழியாக வெளியே போவேன். அவள் வீடு நான்கு தெரு தள்ளி. இரண்டு குழாய்களையும் சுற்றித் தரை தெரியப் பெருக்கிவிட்டு, காணிக்கைத் தட்டு எடுக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. யாருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் நேரத்தில் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வருடக்கணக்கில் அப்படி வந்ததில்லை.

"ரஸ் மாமா, சிரிக்காதீங்க. எவ்வளவு பனி பேஞ்சாலும் ஞாயித்துக்கிழமை மட்டும் என் வீட்டு மூக்கு சுத்தமா இருக்கு. காலடித் தடம் இருக்கும், கவனிக்காத மாதிரி இருந்துருவேன். அப்பாதான்னு நெனச்சுக்குவேன். என்ன மன்னிச்சுட்டாருன்னு."

"மன்னிச்சிருப்பாரும்மா" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். முப்பத்தோரு வருடங்களுக்குப்பின் அதில் ஒரு பெப்பர்மிண்ட் வைத்தேன். அவள் அழுதுகொண்டே அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த மன்னிப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான். அதை ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.